சோனி ராலின்ஸின் மேடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸை ஸ்டூடியோ தட்டுகளில் மட்டும் கேட்டவர் அவரில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, நீங்கள் குறிப்பிட்ட, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் இசைக்கூடத்தில் எடுத்த நேரடிப் பதிவை மூன்று இரவுகள் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம்தான். பியானோ இல்லை. இசை வெறிச்சோடிக் கிடப்பதுபோல் இருக்கிறது. மெட்டு ஒரு நிமிடத்தில் காணாமல் போகிறது. சில இடங்களில் மனிதர் ஒரே துணுக்கில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவிப்பதுபோல் கேட்கிறது. ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ தட்டில் இருக்கும் அதே ஆளா இவர்?

எனக்குச் சிறுவயதிலிருந்து கர்நாடக இசைதான் பழக்கம். சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். என் காதில்தான் குறையா? இல்லை, நேரில் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த ஒன்றைப் பதிவில் தேடுகிறேனா? இன்னொரு சாக்ஸபோன் மேதையான ஜான் கோல்ட்ரேனைவிட இவரை நீங்கள் மேலே வைப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
எஸ்., கோவில்பட்டி

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் காதில் குறை ஏதும் இல்லை. நீங்கள் குறையாக எழுதியிருக்கும் மூன்றும் அந்தப் பதிவில் இருப்பவைதான். பியானோ இல்லை, மெட்டு சீக்கிரம் மறைகிறது, ஒரு சிறு துணுக்கை மனிதர் விடுவதில்லை. முதல் முறை கேட்பவர்கள் பலருக்கு இந்த மூன்றும் காதில் படுவதேயில்லை. உங்களுக்குப் பட்டிருக்கிறது. நான் அவரிடம் மயங்கியதும் இந்த மூன்றில்தான், ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன்.

முதலில் பியானோ. ஜாஸ் குழுவில் பியானோக்காரர் பாட்டின் சுரக்கூட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, ஒன்றன்பின் ஒன்றாக அடியில் வைத்துக்கொண்டே போவார். மேலே வாசிப்பவருக்கு அது தரை மாதிரி. எங்கே இருக்கிறோம், அடுத்த திருப்பம் எங்கே என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சுரக்கூட்டுக்கு ஒத்துவராத ஒன்றை வாசிக்க நினைத்தால், பியானோ அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ராலின்ஸ் 1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் ரே பிரவுனின் பாஸ், ஷெல்லி மேனின் டிரம்ஸ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தட்டு பதிவு செய்தார். பியானோவை வேண்டாம் என்று எடுத்துவைத்த முதல் துணிச்சல் அது. அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்டில் வாசிக்க வந்தபோது பெரிய குழுவோடுதான் தொடங்கினார். ஆளைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் மூவராக வந்து நின்றார். நீங்கள் வெறிச்சோடிக் கிடப்பதாகச் சொல்லும் அந்த இடம், அவர் கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

வான்கார்ட் ஒரு நிலவறை. செவன்த் அவென்யூ தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கிப் போகவேண்டும். மேடைப் பக்கம் போகப் போகக் குறுகும், ஆப்பு வடிவிலான சின்ன அறை. நூற்றுச் சொச்சம் பேருக்குமேல் உட்கார முடியாது. மேக்ஸ் கோர்டன் 1935 முதல் அங்கே நடத்திவந்தார், கவிதையும் நாட்டார் பாட்டும் நகைச்சுவையும் எல்லாம் நடந்த இடம். 1957இல்தான் முழுக்க ஜாஸுக்கு மாறியது. அந்த ஆண்டு நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பதிவுக் கருவிகளோடு படியிறங்கினார். அந்த அறையில் எடுக்கப்பட்ட முதல் நேரடித் தட்டு அது. பிறகு பியானோக் கலைஞர் பில் எவன்ஸும் கோல்ட்ரேனும் அங்கே பதிவு செய்தவை எல்லாம் உலகப்புகழ் பெற்றன. தொடக்கம் இந்த ஞாயிறுதான்.

மதியம் டொனால்ட் பெய்லி பாஸ், பீட் லா ரோகா டிரம்ஸ். மாலையில் அந்த இருவரும் இல்லை. வில்பர் வேர் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். ஒரே நாளில் இரண்டு குழுக்கள்! முதலில் வெளிவந்த தட்டில் மதியக் கச்சேரியிலிருந்து ஒரே ஒரு பாட்டுதான், மற்றதெல்லாம் மாலைக் கச்சேரி. எல்வின் அப்போது முப்பது வயதுக்காரர், கோல்ட்ரேனின் குழுவில் சேர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. பின்னாளில் உலகம் வியந்த அந்தக் கை இங்கே ஏற்கெனவே அலைபோல் புரள்கிறது. வில்பர் வேரோ அதற்கு நேர்மாறு. குறைவான சுரங்கள், ஒவ்வொன்றும் கனமாக, நடுநடுவே மௌனம். இந்த இருவருக்கும் நடுவில் ராலின்ஸ் நிற்கிறார்.

‘சாக்ஸபோன் கொலோசஸ்’ தட்டையும் பதிவு செய்தவர் இதே வான் கெல்டர்தான். 1956 ஜூன் 22, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில். டாமி ஃபிளானகனின் பியானோ இருக்கிறது, மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் இருக்கிறது, எல்லாமே அதனதன் இடத்தில் இருக்கின்றன. ராலின்ஸின் பெற்றோர் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அம்மா பாடிக் கேட்ட ஒரு கலிப்ஸோ மெட்டு அந்தத் தட்டில் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எனக்கும் பிடிக்கும். அதை நான் தள்ளிவைக்கவில்லை. ஆனால் ஹேக்கன்சாக்கில் கேட்பது ஒரு மனிதர் கண்டுபிடித்துவிட்டதை. வான்கார்டில் கேட்பது அவர் கண்டுபிடிக்கும் நேரத்தை.

அந்தத் துணுக்கு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தவிப்பு என்று எழுதியது ‘சோனிமூன் ஃபார் டூ’ பாட்டை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு அளவுகள் (நான்கு அடி ஓர் அளவு) கொண்ட சாதாரண புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம். அதன் மெட்டைப் பாருங்கள். மேலிருந்து கீழே படியிறங்குவதுபோல் ஒரு சின்ன வாக்கியம், நான்கு அளவுகளுக்குள் முடிந்துவிடும். அதையே மூன்று முறை வாசித்தால் பாட்டு முடிந்தது. ஒரு குழந்தை பாடிவிடும். இப்போது அவர் கற்பனையாக வாசிக்கத் தொடங்கியபின் அந்த வாக்கியத்தை விட்டுவிடாமல் பின்தொடருங்கள். முதல் இரண்டு சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்வார். வரவேண்டிய இடத்தில் வரமாட்டார், அரை அடி தாமதித்து வருவார். ஒரு சுரத்தையே பிடித்துக்கொண்டு அதன் நிறத்தை மட்டும் மாற்றுவார், ஒருமுறை கரகரப்பாக, ஒருமுறை வழவழப்பாக, ஒருமுறை மிரட்டலாக. பிறகு அதை விட்டு எங்கோ ஓடுவார். இழந்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற நேரத்தில் அந்த வாக்கியத்தின் வால் மட்டும் வந்து எட்டிப் பார்க்கும்.

உங்களுக்கு நிரவல் தெரியும். பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொல் விழும் இடம் மாறாமல், ராகத்துக்குள் அதை விதவிதமாக விரிப்பார். ராலின்ஸ் செய்வது அதற்குப் பக்கத்து வீடு, ஆனால் வாசல் எதிர்த்திசையில். அங்கே சொல் நிற்கும், சுரம் மாறும். இங்கே சுரத் துணுக்கு நிற்கும், அது தாளத்தில் விழும் இடம் மாறும். பியானோ இருந்திருந்தால் இவ்வளவு சுதந்திரமாக இடம் மாறி விழுவது கடினம். நிரவலை ரசிக்கத் தெரிந்த காதுக்கு இது இரண்டு வாரத்தில் பிடிபடும் என்று உறுதியாகச் சொல்வேன். கத்ரி கோபால்நாத்தின் வாத்தியம் ஆல்ட்டோ, இவருடையது அதைவிடப் பெரிய, குரல் இறங்கிய டெனார். பித்தளை உடம்பு, வாயில் நாணல் பட்டையில் செய்த ஒற்றை ரீட். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. கத்ரி அந்த வாத்தியத்தைக் குரலாக ஆக்கினார், கமகங்களுக்காக அதை வழிக்குக் கொண்டுவந்தார். ராலின்ஸுக்கு அது பேச்சு. இழுத்துப் பேசுவார், முணுமுணுப்பார், சட்டென்று வேறொரு பாட்டின் துண்டை நடுவில் வீசிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வார்.

1958இல் கன்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் ராலின்ஸின் புளூஸ் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கருவிலிருந்து முழு வாசிப்பையும் அவர் எப்படி வளர்க்கிறார் என்று வரிவரியாக அலசி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் படிக்கப்படும் நல்ல கட்டுரை. ஆனால் அதைப் படித்தபின் வாசிக்கும்போது தன்னைத்தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டதாகவும், அது தொந்தரவாக இருந்ததாகவும் ராலின்ஸ் சொல்லியிருக்கிறார். என் காதல் முழுவதும் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது, எஸ். திட்டம் போட்டு வாசித்தவர் அல்ல அவர். மேடையில் மனதைக் காலியாக வைத்துக்கொண்டு, வருவதற்காகக் காத்திருந்தவர்.

அடுத்த ஆண்டே அவர் மேடையைவிட்டு இறங்கிவிட்டார். 1959 கோடை. முப்பது வயதுகூட ஆகவில்லை, புகழின் உச்சி. தன் வாசிப்பு தன் பெயருக்கு ஈடாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் குடியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கர்ப்பிணி, வீட்டில் வாசித்தால் அவருக்குத் தொந்தரவு. சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். கீழே ஆறு, பக்கத்தில் ரயில். யாரைப் பற்றியும் கவலையில்லாமல் முழு மூச்சில் ஊதலாம். வெயிலிலும் பனியிலும், சில நாள் பதினைந்து மணிநேரம்வரை, இரண்டு ஆண்டுகளுக்குமேல். 1961 இறுதியில்தான் திரும்பி வந்தார். பின்பும் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 1960களின் இறுதியில் பம்பாய் பொவாயில் ஓர் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். தியானத்தில் மனம் நிற்கவில்லை என்று அங்கே கேட்டபோது, வாத்தியம் வாசிக்கும்போது நீங்கள் செய்வது தியானம்தானே என்று பதில் கிடைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எழுபதுகளுக்குப் பிந்தைய ஸ்டூடியோ தட்டுகள் பல எனக்குச் சுரத்தில்லாதவை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அவரை மேடையில் கேட்டவர்கள் சொல்வது வேறு, நமக்குக் கிடைத்திருக்கும் நேரடிப் பதிவுகள் சொல்வதும் வேறு. 1986 ஆகஸ்டில் நடந்த ஒரு கச்சேரி படமாகவே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் சாகர்ட்டிஸ் என்ற ஊர். கைவிடப்பட்ட கல்குவாரியில் ஒரு சிற்பி பல ஆண்டுகள் தனியாகக் கல் அடுக்கிக் கட்டிய திறந்தவெளி. ராலின்ஸ் தனியாக வாசித்தபடியே கல்மேடையின் விளிம்புவரை நடக்கிறார். திடீரென்று அங்கிருந்து குதிக்கிறார், சுமார் ஆறடி உயரம். விழுந்தவர் எழவில்லை. குதிகால் எலும்பு முறிந்துவிட்டது. குழுவினருக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. சில கணங்கள் மல்லாந்து கிடக்கிறார். பிறகு படுத்தபடியே சாக்ஸபோனை வாயில் வைத்து வாசிக்கத் தொடங்குகிறார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வலியில் கிடக்கும் ஐம்பத்தைந்து வயது மனிதருக்கு முதலில் தோன்றியது விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்பதுதான்.

இன்னொன்று. 2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரங்களுக்குச் சில தெருக்கள் தள்ளித்தான் அவர் அடுக்குமாடி வீடு. மறுநாள் அங்கிருந்து வெளியேற்றியபோது சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினார். வயது 71. செப்டம்பர் 15 அன்று பாஸ்டனில் கச்சேரி. ரத்துசெய்துவிடலாம் என்றார், மனைவி லூசில் வாசிக்கத்தான் வேண்டும் என்றார். போனார். ஒரு ரசிகர் தனக்காகப் பதிவு செய்துவைத்திருந்த அந்தக் கச்சேரி 2005இல் தட்டாக வந்தது. நடுவே கூட்டத்திடம் பேசுகிறார். இசையை எப்படியாவது உயிரோடு வைத்திருக்கவேண்டும், ஒருவேளை இசை உதவலாம், தெரியாது, எதையாவது முயன்றுதானே ஆகவேண்டும் என்கிறார். அந்தக் குரலில் நம்பிக்கையூட்டும் தொனி எதுவும் இல்லை, களைத்த குரல். ஆனால் அடுத்த பாட்டில் வாத்தியம் களைக்கவில்லை.

கோல்ட்ரேனைப் பற்றிக் கேட்டீர்கள். இருவரும் நண்பர்கள், 1956 மே மாதம் ஒரே ஒரு பாட்டில் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். யார் மேலே என்று நான் அளப்பதில்லை. கோல்ட்ரேனிடம் வணங்கத் தோன்றுகிறது, ராலின்ஸிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

நேரில் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது எது என்பதற்கு என் பதில்: அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலை. ஒரே பதிவை நூறுமுறை கேட்டால் அது நமக்குப் போய்விடும். ஆனால் ராலின்ஸிடம் முழுக்கப் போவதில்லை, அவருக்கே தெரியாமல் இருந்த அந்தக் கணம் ஒலியில் பதிந்திருக்கிறது.

ஒரு வாரம் வான்கார்டை மூடிவையுங்கள். பிறகு இரவில், ஹெட்போனில், ‘சோனிமூன்’ மட்டும் கேளுங்கள். முதல் முறை ராலின்ஸைக் கவனிக்காதீர்கள், வில்பர் வேரின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அளவுகளைக் கையில் எண்ணுங்கள், நீங்கள் தாளம் போடும் அதே கைதான். மூன்றாவது சுற்றில் எண்ணிக்கை தானாக நடக்கும். அப்போது சாக்ஸபோன் எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்