டீச்சருக்கு ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். ஒரு பாடத்தை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ‘ஸ்வயத்தில்’ எடுத்திருக்கிறேன். எனக்குத் திருப்தியாக இருக்கிறது. எங்கள் டீச்சர்களோ இணைய வகுப்பு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டு பக்கமும்தான், அம்மணி. நீ பார்ப்பது பதிவு செய்த பாடம். புரியாத இடத்தில் நிறுத்தி, நாலு தரம் திருப்பிக் கேட்கலாம். வேலந்தாவளம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் கேட்கலாம். உன் டீச்சர்கள் மனதில் இருப்பது 2020, கொரோனா காலத்து நேரலை வகுப்பு. அது வேறு கதை.

அந்த வருடம் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் செய்யுள் இலக்கணமான யாப்பு நடத்தினேன். போனை நிறுத்த ஸ்டாண்டு இல்லை. அரிசி நிறைத்த படியில் சொருகி வைத்தேன். ‘நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா’ என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால்தான் சீர் பிடிபடும். சேர்ந்து சொல்லுங்கள் என்றால், ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து விழுந்தது. நான் பின்னால் வரும் கூவிளத்துக்குப் போன பிறகு யாரோ ஒருத்தியின் தேமா வந்து சேரும்! கடைசியில் எல்லாரையும் மைக்கை அணைக்கச் சொன்னேன். அப்புறம் யார் தப்பாகச் சொன்னார்கள் என்றே தெரியாமல் போயிற்று. நேரில் என்றால் உதட்டைப் பார்த்தே பிடித்திருப்பேன். அந்தப் பருவத்தில் என் பிள்ளைகள் நல்ல மார்க்தான் வாங்கினார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், 1989-இல் கற்றலில் மூன்று உறவுகளைப் பிரித்துச் சொன்னார்: மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். உனக்கு முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. டீச்சர் தேடுவது இரண்டாவதை. அமெரிக்காவில் ஸ்லோன் கூட்டமைப்பு இணையக் கல்வியின் தரத்துக்கு ஐந்து தூண்கள் என்று வகுத்தபோது, மாணவர் திருப்தியோடு ஆசிரியர் திருப்தியையும் தனித் தூணாக நிறுத்தியது. எனக்கு அப்படிக் கேட்டு ஒரு படிவம்கூட வந்ததில்லை, பிள்ளைகளுக்குத்தான் வரும்.

சரி, இது நம்மை விட்டுப் போகப்போவதும் இல்லை. ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயத்தில் எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-லேயே விதி செய்துவிட்டது. நீ நாலு தரம் திருப்பிக் கேட்டும் புரியாத இடம் ஒன்று இருக்குமே, அதைக் குறித்து உன் டீச்சரிடம் கொண்டுபோ. முகம் சுளிக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுது. ஆமாம், ஸ்வயம் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், செய்துவிட்டாயா?