“நம்ம சபைப் பிள்ளைக்கு ஓட்டுப் போடுங்க” என்று அறிவித்துவிட்டோம். வரி விலக்கு போய்விடுமா?

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்கு நான் பொருளாளர். எங்கள் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் சகோதரர் ஒருவர் நவம்பரில் உள்ளூர் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறார். போன மாதம் ஆராதனையில் பாஸ்டர் அவரை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். முடித்ததும், “நம்ம சபைப் பிள்ளை, மறக்காம எல்லாரும் ஓட்டுப் போடணும்” என்றார். அது யூடியூப் நேரலையிலும் போனது. செயலாளர் அந்தச் சகோதரரின் தேர்தல் நோட்டீஸைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு சனிக்கிழமை அவருடைய கூட்டத்துக்கு ஹாலை இலவசமாகக் கொடுத்தோம். நோட்டீஸ் அச்சடிக்கச் சபைக் கணக்கிலிருந்து 500 டாலர் காசோலையும் கொடுத்தோம், கையெழுத்து என்னுடையது. இப்போது மூப்பர் ஒருவர், “வரி விலக்கே போய்விடும், நானே ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு (அமெரிக்க வரித் துறைக்கு) எழுதுவேன்” என்கிறார். பாஸ்டரோ, “அந்தச் சட்டத்தை 2025-லேயே கோர்ட்டில் விட்டுவிட்டார்கள்” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த 500 டாலரைத் திரும்ப வாங்குங்கள். மூப்பரா பாஸ்டரா என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விஷயங்களில் எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாதது அந்தக் காசோலைதான். அதில் இருப்பதும் உங்கள் கையெழுத்து.

சட்டம் சுருக்கமானது. உங்கள் சபைக்கு வருமான வரி விலக்குத் தரும், வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: பொதுப் பதவிக்குப் போட்டியிடும் எவருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தேர்தல் பிரசாரத்தில் கலந்துகொள்ளக் கூடாது, தலையிடக் கூடாது, அறிக்கை வெளியிடவும் கூடாது. 1954-இல் டெக்சாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் இது. அதனால்தான் ஜான்சன் திருத்தம் என்கிறார்கள். ‘எதிராகவோ’ என்ற சொல் 1987-இல் சேர்ந்தது. சட்டங்கள், மசோதாக்கள் பற்றிக் குரல் கொடுக்க ஓர் அளவு வரை இடம் உண்டு. வேட்பாளர் விஷயத்தில் அந்த ‘ஓர் அளவு’கூடக் கிடையாது. பள்ளி வாரியத் தேர்தலில் பெரும்பாலான ஊர்களில் கட்சியே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். கட்சி இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை. பதவி பொதுப் பதவியா, அவர் வேட்பாளரா, அவ்வளவுதான். ஜனாதிபதி தேர்தலுக்கு என்ன விதியோ அதேதான் பள்ளி வாரியத்துக்கும்.

“நாங்கள் ஐ.ஆர்.எஸ்.ஸில் விண்ணப்பமே போடவில்லை, அப்புறம் எப்படிப் பறிப்பார்கள்?” என்று பல சபைகளில் கேட்கிறார்கள். சபைகளுக்கு விண்ணப்பம் போடாமலே விலக்கு கிடைக்கிறது, ஆண்டுக் கணக்குப் படிவமும் தாக்கல் செய்ய வேண்டாம் என்பது உண்மை. விலக்கு தானாக வருகிறது என்பதற்காக நிபந்தனை தானாகக் கழன்றுவிடாது.

இனி பாஸ்டர் சொன்னது. அவர் கற்பனையாகப் பேசவில்லை, பாதி சரி. டெக்சாஸில் இரண்டு சபைகளும் இரண்டு கிறிஸ்தவ அமைப்புகளும் 2024-இல் ஐ.ஆர்.எஸ். மீது வழக்குப் போட்டன. 2025 ஜூலை 7 அன்று இரு தரப்பும் சேர்ந்து நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்தன. ஒரு வழிபாட்டுத் தலம் தன் ஆராதனையை ஒட்டி, தன் சபையாரிடம், வழக்கமாகப் பேசும் வழிகளில், தேர்தலை விசுவாசத்தின் கண்ணோட்டத்தில் பேசினால் அது பிரசாரத்தில் தலையிடுவது ஆகாது என்று ஐ.ஆர்.எஸ். அதில் ஒப்புக்கொண்டது. வேட்பாளர்களைப் பற்றிக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது போல என்று ஓர் உவமையும் சொன்னது. எழுபது வருடமாகச் சொல்லிவந்ததற்கு நேர் எதிர் என்பதால் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. உங்கள் பாஸ்டர் காதுக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அந்த மனு கேட்ட பாதுகாப்பு வழக்குப் போட்ட சபைகளுக்குத்தான். உங்கள் சபை அந்த வழக்கில் இல்லை. சட்டத்தின் வாசகமும் அதனால் மாறவில்லை; அதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால்தான் முடியும். ஒரு நிர்வாகம் ஒப்புக்கொண்டதை அடுத்து வரும் நிர்வாகம் ஒரு பக்கக் கடிதத்தில் திருப்பிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஒதுக்கிவைத்து, அந்த மனுவை உங்கள் சபைக்கே எழுதியது என்று வைத்துக்கொண்டாலும், அது பிரசங்க மேடையில் பேசும் பேச்சுக்கான குடை. காசோலைக்கும் ஹாலுக்கும் அது நீளாது. குடும்பத்துக்குள் பேசுவது வேறு, குடும்பப் பணத்தை எடுத்து நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது வேறு.

ஆகவே பாஸ்டரின் அந்த ஒரு வரி இன்று சாம்பல் நிறப் பகுதியில் இருக்கிறது. ஆராதனைக்குள் சபையாரிடம் சொன்னார் என்று வாதாட இடம் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கும் யூடியூபில் போனதும் ‘சபையாரிடம்’ சொன்னதுதானா? நான் உங்கள் வக்கீலாக இருந்தால் ஆமாம் என்று வாதாடுவேன். அந்த வாதத்தை நம்பி இன்னொரு முறை செய்யுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப் விஷயம் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது, ஏனென்றால் ஐ.ஆர்.எஸ். 2007-இல் வெளியிட்ட விளக்கத்தில் ஏறக்குறைய உங்கள் கதையே இருக்கிறது. அதில் 21 கற்பனைச் சூழ்நிலைகள். கடைசிச் சூழ்நிலையில் ஒரு சபையின் அங்கத்தினர் ஊர் மன்றத்துக்குப் போட்டியிடுகிறார். தேர்தலுக்குச் சற்று முன்னால் சபை தன் இணையதளத்தில், செவ்வாய்க்கிழமை தேர்தலில் நம் சக சபையாருக்கு ஆதரவு கொடுங்கள் என்று ஒரு வரி போடுகிறது. அது தலையீடுதான் என்று முடிவு. வாட்ஸ்அப் என்பதால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சபையின் பெயரில் உள்ள குழு, அட்மின் செயலாளர், ஆராதனை நேரமும் ஜெபக் கூட்டமும் அறிவிக்கப்படும் இடம். அங்கே செயலாளர் போட்டால் சபை போட்டதாகத்தான் படும். அதே நோட்டீஸை ஓர் அங்கத்தினர் தன் நண்பர்களுக்குத் தனியாக அனுப்பினால் அது அவர் சொந்த விஷயம்.

அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்கச் சொல்லாதீர்கள். முதலில் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிறகு நீக்குங்கள். நீக்கியதும் குழுவில் ஒரு வரி: “முன்பு பகிரப்பட்ட தேர்தல் நோட்டீஸ் சபையின் கருத்து அல்ல, சபை எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை.” புகார் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு தடயம் இல்லாமல் அழித்தால், சின்னத் தவறு பெரிய தவறு போலத் தெரியும்.

ஹாலுக்கு வழி எளிது. வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியானால் வழக்கமான கட்டணத்துக்கு ரசீது எழுதி அந்தச் சகோதரரிடம் கொடுங்கள், அவர் தன் தேர்தல் நிதியிலிருந்து கட்டட்டும். மற்ற வேட்பாளர் யார் கேட்டாலும் அதே கட்டணம், முதலில் கேட்டவருக்கு முதல் இடம். இலவசமாகக் கொடுத்ததுதான் சிக்கல், கொடுத்தது அல்ல. இதைவிட நல்லது, எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம் என்று ஒரு கூட்டம் நடத்துவது. அதைச் சட்டம் தடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் தேர்தல் நன்கொடைக்குத் தட்டு சுற்றினீர்களா என்று எழுதவில்லை. சுற்றியிருந்தால் உடனே கொடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்கத் தேர்தல் எதற்கும், பள்ளி வாரியத்துக்குக்கூட, நன்கொடை தர முடியாது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். வாக்காளர் பதிவு மேஜை போட்டால் இன்னும் கவனம். நம் சபைகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் குடியுரிமை பெற்றவரும் விசாவில் இருப்பவரும் உட்கார்ந்திருப்பார்கள். உற்சாகத்தில் எல்லார் கையிலும் படிவத்தைத் திணிக்க, குடியுரிமை இல்லாதவர் ‘நான் குடிமகன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், அவர் இந்த நாட்டிலேயே இருக்க முடியாமல் போகலாம். வரி விலக்கை மீட்டுவிடலாம், இதை மீட்பது மிகக் கடினம்.

இப்போது காசோலைக்குத் திரும்புவோம். வரிச் சட்டத்தில் 4955 என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. விலக்குப் பெற்ற அமைப்பு அரசியல் செலவு செய்தால் அந்தத் தொகையில் 10 சதவீதம் அமைப்புக்கு வரி. தெரிந்தே அதற்குச் சம்மதித்த நிர்வாகிக்கு 2.5 சதவீதம். உங்கள் கணக்கில் சபைக்கு 50 டாலர், உங்களுக்குப் பன்னிரண்டரை டாலர். சிரிப்பாக இருக்கும். ஆனால் குறித்த காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் சபைக்கு 100 சதவீதம், சரிசெய்ய மறுக்கும் நிர்வாகிக்கு 50 சதவீதம் வரை. சரிசெய்வது என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: முடிந்தவரை பணத்தை மீட்பது, இனி நடக்காமலிருக்க ஏற்பாடு செய்வது. வேண்டுமென்றே, அப்பட்டமாகச் செய்த செலவு இல்லை, சரியும் செய்துவிட்டீர்கள் என்றால் முதல் கட்ட வரியையும் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறது. ஆகவே வேட்பாளர் தன் காசோலையில் 500 டாலரைச் சபைப் பெயருக்குத் திருப்பித் தரட்டும், ரொக்கமாக வேண்டாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, எந்தத் தேதியில் பணம் திரும்பியது, இனி எந்த வேட்பாளருக்கும் சபைப் பணமோ ஹாலோ இலவசமாகப் போகாது. இந்த நான்கு வரிகள் உங்களுக்குக் காப்பீடு.

விலக்கு போகுமா? இந்த அளவுத் தவறுக்கு, நீங்களே திருத்திக்கொண்ட பிறகு, போகும் என்று நான் நினைக்கவில்லை. நீதிமன்றம் வரை போன வழக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் அருகே பியர்ஸ் கிரீக் சபை, 1992 ஜனாதிபதி தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால், பில் கிளின்டனுக்கு எதிராக யு.எஸ்.ஏ. டுடேயிலும் வாஷிங்டன் டைம்ஸிலும் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. அடியில் சபையின் பெயரைப் போட்டு, இந்த விளம்பரத்துக்கு வரிக் கழிவுள்ள நன்கொடைகள் வரவேற்கப்படுகின்றன என்றும் அச்சடித்திருந்தது. 1995-இல் விலக்கு ரத்தானது, 2000-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்தத் தீர்ப்பிலேயேகூட, தலையீட்டை நிறுத்திக்கொண்டால் சபை மறுபடி விலக்குப் பெறலாம் என்ற தொனி இருக்கிறது. இன்னொரு பக்கம், கலிபோர்னியாவில் பாசடீனா ஆல் செயின்ட்ஸ் சபையில் 2004 தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு பிரசங்கம். யாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் பிரசங்கியார் ஆரம்பித்தார். புஷ்ஷும் கெர்ரியும் இயேசுவோடு விவாதம் செய்தால் எப்படி இருக்கும் என்று போனது பேச்சு. 2005-இல் ஐ.ஆர்.எஸ். கடிதம் வந்தது. 2007-இல், அது தலையீடுதான், ஆனால் விலக்குத் தொடரும் என்று கோப்பை மூடினார்கள். விலக்கு போகவில்லை, இரண்டு வருடத் தூக்கமும் வக்கீல் செலவும்தான் போயின.

பாஸ்டர் வாயைக் கட்ட வேண்டியதில்லை. தனி மனிதராக அவர் யாரையும் ஆதரிக்கலாம், வேட்பாளரின் சொந்த அலுவலகத்தில் நின்று சபையின் பெயரால் பேசாமல் பேசலாம். 2007 விளக்கம் அதை அனுமதிக்கிறது. சபைக் கூட்டம், சபையின் அச்சு மடல், சபையின் கணக்கு இவற்றை விட்டுவிட வேண்டும். மடலில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தன் பையிலிருந்து பணம் கட்டினாலும் தப்பாது. அவர் குடியிருக்கும் வீடு சபைக்குச் சொந்தமானது என்றால் முற்றத்தில் வேட்பாளர் பலகை நடாமல் இருப்பது நல்லது. ஜெபம் செய்யலாம். “தேர்தலில் நிற்கும் எல்லாருக்கும் ஞானம் கொடும் ஆண்டவரே” என்று தாராளமாக ஜெபிக்கட்டும், அந்தச் சகோதரர் பெயரையும் குடும்பத்தையும் சொல்லி ஜெபிக்கட்டும். ஆமென் சொன்ன பிறகு வரும் அந்த ஒரு வாக்கியத்தை விட்டால் போதும். ஞாயிறு பள்ளியையும் அந்தச் சகோதரர் தொடரலாம், சட்டையில் தேர்தல் பேட்ஜ் இல்லாமல்.

மூப்பரைப் பற்றி. புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு, அதற்கென்று 13909 எண்ணுள்ள படிவமே இருக்கிறது. அதற்காக அவரைக் குழுவிலிருந்து நீக்குவது, மேடையில் மறைமுகமாகக் குத்துவது எல்லாம் வேண்டாம். புகார் போனாலும் அடுத்த ஞாயிறு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். சபைகளை விசாரிக்க 7611 என்ற தனிப் பிரிவு இருக்கிறது: கருவூலத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், உங்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும், ஆய்வுக்கு முன் நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும். போனில் “ஐ.ஆர்.எஸ். பேசுகிறோம், உடனே பணம் கட்டுங்கள்” என்று யாராவது மிரட்டினால் அது மோசடிக்காரன், வைத்துவிடுங்கள். கடிதம் வந்தால் மட்டும், நீங்களாகப் பதில் எழுதாமல், விலக்கு அமைப்புகளின் வரி வழக்கு பார்க்கும் வக்கீலிடம் அந்த நடவடிக்கைக் குறிப்பையும் திரும்ப வந்த காசோலையின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மாநிலத்துச் சொத்து வரி விலக்குக்கும் தேர்தல் நிதிக்கும் தனிச் சட்டம் என்பதால், உள்ளூர் வக்கீலாக இருந்தால் நல்லது.