ஐஃபோன் படத்தை விண்ணப்பத் தளம் ஏற்கவில்லை: கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ஃபோட்டோவும் கையெழுத்தும் ஏற்ற வேண்டும். ஐஃபோனில் எடுத்து என் தம்பியின் லேப்டாப்பில் போட்டு ஏற்றினால் ‘இன்வாலிட் ஃபைல்’ என்று வருகிறது. ஃபைல் பெயரின் கடைசியில் இருந்ததை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று எழுதியும் பார்த்தாள், நடக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு படத்துக்கு 100 ரூபாய் கேட்கிறார்கள். ஃபோனையும் ஆதாரையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
– ஒரு தாய், 90 அடி சாலை, தாராவி, மும்பை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த வேலை உங்கள் கையில் இருக்கும் ஃபோனிலேயே முடிந்துவிடும்.

முதலில் என்ன தகராறு என்று பார்ப்போம். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 (ஐஃபோனை இயக்கும் மென்பொருள்) முதல் ஐஃபோன்கள் படத்தை ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பத் தளங்கள் இன்னும் ஜே.பி.ஜி.யையே கேட்கின்றன. அது 1992-இல் வந்த தரம். பழையதைக் கேட்பது குற்றமில்லை. ‘இது ஹெச்.இ.ஐ.சி., எங்களுக்கு ஜே.பி.ஜி. வேண்டும்’ என்று ஒரு வரி காட்டுவதில் என்ன கஷ்டம்? ‘இன்வாலிட்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தெருவுக்குத் தெரு ஃபார்ம் நிரப்பும் கடைகள் முளைப்பது இதனால்தான்.

பெயரை மாற்றியது ஏன் பலிக்கவில்லை? ஃபைல் என்ன வகை என்பது அதன் உள்ளேயே, தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கும். பெயர் சரியாக இருந்தாலும் தளம் அதையும் படிக்கிறது. எல்லா நிலையத்திலும் நிற்கும் கல்யாண் ஸ்லோ வண்டியின் முகப்பில் ஃபாஸ்ட் வண்டிக்கான ‘எஃப்’ என்று எழுதிவிட்டால் அது மாட்டுங்காவில் நிற்காமல் போய்விடுமா?

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நிறையப் பேர் குழம்புவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜே.பி.ஜி., ஜே.பி.இ.ஜி. இரண்டும் ஒன்றே. பழைய டாஸ் கணினிகளில் ஃபைல் பெயரின் வாலுக்கு மூன்று எழுத்துதான் அனுமதி, அதனால் ஓர் எழுத்தை வெட்டினார்கள். அந்த வெட்டு இன்றுவரை தொடர்கிறது. விண்டோஸ் கணினியில் இணையத்திலிருந்து படம் எடுத்தால் சில நேரம் ஜே.எஃப்.ஐ.எஃப். என்று முடியும், அதுவும் உள்ளே ஜே.பி.ஜி.தான். இந்த மூன்றுக்குள் மட்டும் வாலை மாற்றி எழுதினால் போதும், படம் ஏறிவிடும். பெரிய எழுத்தில் ஜே.பி.ஜி. என்று இருந்தாலே மறுக்கிற தளங்கள்கூட உண்டு. அப்போது சின்ன எழுத்தில் எழுதுங்கள். இந்த மூன்றைத் தாண்டி வேறு எதற்கும் இந்த வேலை ஆகாது. ஹெச்.இ.ஐ.சி., பி.என்.ஜி., வெப்பி எல்லாவற்றையும் முறையாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றும் வழி: ஃபோட்டோவைத் திறந்து முகமும் தோளும் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஷேர் பொத்தானைத் தொட்டு ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுங்கள். ஃபைல்ஸ் செயலிக்குள் போய் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தால் ‘க்விக் ஆக்‌ஷன்ஸ்’ என்று வரும். அதில் ‘கன்வர்ட் இமேஜ்’, பிறகு ‘ஜேபெக்’ (ஜே.பி.இ.ஜி.யைத்தான் அப்படிச் சொல்வார்கள்). அளவு கேட்கும்போது ‘ஸ்மால்’ போதும். ஐ.ஓ.எஸ். 16 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள ஃபோன்களில் இது இருக்கிறது. அதைவிடப் பழைய ஃபோன் என்றால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே படமாக அனுப்பித் திரும்பச் சேமித்துக்கொள்ளுங்கள், ஜே.பி.ஜி.யாகிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் மாறாது.

இனி எடுக்கும் படங்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே எடுத்தவை அப்படியேதான் இருக்கும்.

‘50 கேபிக்குள்’ என்று தளம் அடம்பிடித்தால் தம்பியின் லேப்டாப்பில் பெயின்ட் திறந்து, ரீசைஸில் பிக்ஸல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலம் 276, உயரம் 354 என்று வையுங்கள். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) வரும் அளவு இது. அசல் படத்தை அழித்துவிடாதீர்கள். சுருக்கியதைப் பெரிதாக்கினால் கலங்கித்தான் வரும். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் போட்டு, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இப்போது நான் அஞ்சுகிற விஷயம். ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்கிற இணையதளங்களில் ஆதாரையோ மார்க்‌ஷீட்டையோ ஏற்றாதீர்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. சில தளங்கள் கேட்ட வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டே கணினியில் வைரஸை இறக்குகின்றன, ஏற்றிய ஃபைலில் இருக்கும் அடையாள எண்களையும் சுரண்டுகின்றன. படம் கேட்ட இடத்தில் இ.எக்ஸ்.இ. அல்லது ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல் இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். இ-ஆதார் பி.டி.எஃப்.பைப் படமாக்க வேண்டுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல். ஃபோனிலேயே திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே சொன்னபடி ஜே.பி.ஜி.யாக்குங்கள்.

கடைக்காரர் விஷயம் இதைவிட மோசம். ‘ஹோ ஜாயேகா ஆன்ட்டி’ (ஆகிவிடும் ஆன்ட்டி) என்று சிரித்துக்கொண்டே ஃபார்மில் தன் மொபைல் எண்ணையும் தன் மெயிலையும் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். திருத்தம் என்றாலும், அடுத்த வருடம் புதுப்பிப்பு என்றாலும் அவரிடமே போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு. விட்டுவிட்டு வந்த ஆதார் நகல் அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊரார் ஆதாரோடு சேர்ந்து கிடக்கும்.

எல்லாம் செய்தும் தளம் மறுத்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து இருந்தால் எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வையுங்கள். புதன்கிழமை காலையிலேயே உட்காருங்கள். கடைசி நாள் இரவில் தளம் படுத்துவிட்டால் அதற்கும் நம்மையே குறை சொல்வார்கள். மறுத்த திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதி, நேரத்தோடு உதவி மெயிலுக்கு அனுப்பிவையுங்கள்.

அப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் மகளோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மொபைல் எண் உங்களுடையதுதானா என்று திரையில் படித்துப் பார்த்த பிறகே சப்மிட் கொடுக்க விடுங்கள். எழுந்து வருமுன் உங்கள் ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.