தவக்காலத் தியானத்தை ஒவ்வொரு வருடமும் பாதியில் விட்டுவிடுகிறேன். 40 நாளும் உண்மையாக வாழ்வது எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தை, அதன் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று ஆர்வமாகத் தொடங்குகிறார். தினமும் பைபிள் வாசிக்கிறார், நோட்டில் குறிப்பு எழுதுகிறார். இரண்டாம் வாரம் முடிவதற்குள் எல்லாம் நின்றுபோகிறது. கடைசி வாரமான புனித வாரம் வரும்போது குற்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது. நோன்பை எப்படி இருப்பது என்றும் கேட்கிறார். படித்தபோது என்னைப் பற்றியே யாரோ எழுதியது போல இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். நான் கத்தோலிக்கன், அதனால் எங்கள் நடைமுறையிலிருந்து பேசுகிறேன். லெந்து நாட்கள் என்று சொல்லும் மற்ற சபையினருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த 40 என்ற எண். திருநீற்றுப் புதனில் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். நடுவில் இருக்கும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு என்பது ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், தவக்காலத்திலும் அது மாறுவதில்லை. அதனால்தான் அந்த நாட்களை நோன்பின் கணக்கில் சேர்க்கவில்லை. இது எனக்குத் தெரியவந்தபோது உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. இந்த நெடும்பயணத்தில் ஆறு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்று திருச்சபையே சொல்கிறது. நான்தான் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் ஒவ்வொரு முறையும் விழுந்தேன் என்று யோசித்தால், என் திட்டம்தான் காரணம். ஒரு வருடம் நான்கு நற்செய்திகளையும் முழுதாக வாசிப்பது, விடிவதற்கு முன் அரை மணி நேரம் செபம், தினமும் ஒரு பக்கம் எழுதுவது என்று போட்டேன். ஒன்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்று நாள் விட்டுப்போயிற்று. நான்காம் நாள் உட்கார்ந்து விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்கப் பார்த்தேன். பரீட்சைக்கு முதல் நாள் இரவு போல இருந்தது. அத்தோடு அந்த வருடம் முடிந்தது. பிள்ளையின் பக்கத்தில் கண் விழித்து உட்கார்ந்திருந்த அந்த மூன்று இரவுகளை நான் 'விட்டுப்போன நாட்கள்' என்று எண்ணியிருந்தேன் பாருங்கள், அதுதான் இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

இப்போது நான் எந்தத் திட்டமும் போடுவதில்லை. திருப்பலியில் அன்றைக்கு என்ன நற்செய்தி வாசகமோ, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறும். ஆனால் தவக்காலத்தின் வார நாள் வாசகங்கள் எல்லா ஆண்டும் அவையேதான். போன வருடம் இரண்டாம் வாரச் சனிக்கிழமை ஊதாரி மகன் உவமை வந்தது என்றால், இந்த வருடமும் அதே சனிக்கிழமை அதுதான் வரும். நான் ஒரு வருடம் மூத்தவனாகப் போய் நிற்பேன். ஒரு காலத்தில் ஊதாரி மகனாக அதை வாசித்தேன், கொஞ்ச வருடம் கழித்து வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த மகனாக வாசித்தேன். மகன் வளர்ந்த பிறகு, வழியைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பாவாக வாசிக்கிறேன்.

காலையில் மொபைலைத் தொடுவதற்கு முன் அந்தப் பகுதியை ஒரே ஒரு முறை, மெதுவாக. என்னைக் குத்துகிற வரி எது என்று பார்ப்பேன். அழகான வரியாக இருக்க வேண்டியதில்லை. பல நாள், 'இதைத் தாண்டிப் போய்விடலாம்' என்று மனம் எதைத் தள்ளுகிறதோ அதுதான் அன்றைக்கு எனக்கான வரி. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். அப்புறம் ஒரு கேள்வி: இந்த வரிக்காக இன்றைக்கு யாரிடம், என்ன செய்யப்போகிறேன்? இந்தக் கேள்வி இல்லாத தியானம் எனக்கு நிலைக்கவில்லை. நோட்டு நிறைய அழகான சிந்தனைகள் எழுதிய வருடங்களில் என் வீட்டில் யாருக்கும் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம். புனித லொயோலா இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனை முறைதான்: கடவுள் முன்னிலையில் அமர்ந்து, நடந்த நல்லவற்றுக்கு நன்றி சொல்லி, நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, தவறிய இடத்துக்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு உதவி கேட்பது. களைப்பில் பாதியில் தூங்கிப்போன நாட்களும் உண்டு. அதையும் அவரிடமே விட்டுவிடுகிறேன்.

ஒரு நாளைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன். மூன்றாம் வாரச் செவ்வாய். மத்தேயு 18-ஆம் அதிகாரம், மன்னிக்க மறுத்த பணியாளன் உவமை. பேதுரு, "என் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா?" என்று கேட்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த வருடம் முதல்முறையாக அந்தக் கடன் தொகைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அரசன் தள்ளுபடி செய்தது 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. எத்தனை பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாத கடன். அந்தப் பணியாளன் வெளியே போய்ச் சக பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரித்தது 100 தெனாரியத்துக்கு.

மறையுரைகளில் அந்த 100 தெனாரியத்தை அற்பத் தொகை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. 100 நாள் கூலி என்பது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு, ஒரு குடும்பத்தின் சாப்பாடு. இயேசு, 'உனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, பெரிதுபடுத்தாதே' என்று சொல்லவில்லை. உனக்கு நேர்ந்த நஷ்டம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டுதான், உனக்கு மன்னிக்கப்பட்டதன் பக்கத்தில் அதை வைத்துப் பார் என்கிறார். இது எனக்குப் பிடிபட்ட நாளில்தான் அண்ணனுக்குப் போன் செய்ய முடிந்தது.

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு அநியாயம் நடந்தது என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். மதியம் வேலை செய்யும் இடத்தில் மாடிப்படியில் நின்று எண்ணை அழுத்தினேன். எடுத்தான். "என்னடா, என்ன விஷயம்?" என்றான். என்ன சொல்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. "சும்மாதான் அண்ணா, சாப்பிட்டாச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ம், சாப்பிட்டேன். நீ?" என்றான். அவ்வளவுதான், இரண்டு நிமிடம். வீட்டு விஷயம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம்.

நோன்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருச்சபைச் சட்டம் கேட்பது நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. 18 வயது முடிந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும் வரை ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, இருக்க வேண்டிய நாள் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 14 வயது முடிந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளும் மற்ற வெள்ளிக்கிழமைகளும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கல். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம். இதற்கு மேல் நாமாக எடுத்துக்கொள்ளும் ஒறுத்தல்கள் நல்லவைதான், ஆனால் அவற்றை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு வருடம் நான் கடுமையாக நோன்பு இருந்தேன். மாலை வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். மூன்றாம் வாரம் மனைவி அமைதியாகச் சொன்னாள், "நோன்பு இருக்கிறது நீங்க, சுமக்கிறது நாங்க." அன்றைக்கு நான் சாப்பிட்டேன்.

திருநீற்றுப் புதனை அடுத்து வரும் வெள்ளியின் முதல் வாசகம் எசாயா 58. நோன்பு நாளில் சண்டையும் பூசலும் செய்துகொண்டு, வேலையாட்களைக் கசக்கிப் பிழிந்துகொண்டு, 'நாங்கள் நோன்பு இருந்தும் நீர் பார்க்கவில்லையே' என்று கடவுளிடம் குறைபடுகிறவர்களுக்கு எழுதியது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதும் நுகத்தை உடைப்பதும்தான் தாம் விரும்பும் நோன்பு என்கிறார் கடவுள். எனவே எதையாவது விட்டால், அதில் மிச்சமாகும் நேரமும் பணமும் யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரவில் மொபைல் பார்ப்பதை விட்டபோது கிடைத்த ஒரு மணி நேரத்தை அம்மாவுக்குக் கொடுத்தேன். கண் மங்கிவிட்ட அவருக்கு நற்செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். என் தவக்காலத் தியானத்தில் பாதி அவர் சொன்னதுதான்.

தவறிய நாட்களுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் மையம் அதுதான். விட்ட நாளை ஈடுகட்ட முயலாதீர்கள். ஐந்து நாள் விட்டுப்போனால் ஆறாம் நாள் அந்த ஆறாம் நாளுக்குரிய வாசகத்தை மட்டும் திறங்கள். மூன்றாம் வாரச் சனிக்கிழமை, பரிசேயரும் (சமயச் சட்டத்தைக் கடுமையாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினர்) வரி தண்டுபவரும் கோவிலுக்குச் செபிக்கப் போன உவமை வரும். வாரத்தில் இரண்டு முறை நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்று அந்தப் பரிசேயர் அடுக்கியது எதுவும் பொய் என்று இயேசு சொல்லவில்லை. ஒரு நாளும் தவறாத தவக்காலம் அமைந்த வருடத்தில் அந்த உவமையைப் படித்து நான் பயந்திருக்கிறேன். பாதியில் விட்ட வருடத்தில், தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட அந்த வரி தண்டுபவரின் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் அவர்தான். விசுவாசமாக வாழ்வது என்றால் விடாமல் 40 நாள் தேதி போடுவது என்று நினைத்திருந்தேன். இப்போது, எந்த நாளில் நின்றாலும் அங்கிருந்து திரும்பிப் போவது என்று புரிகிறது. நெற்றியில் சாம்பல் பூசும்போது 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்று சொல்கிறார்களே, மனமாற்றத்துக்கு ஒரு நாள் மட்டும் போதும் என்றிருந்தால் இத்தனை வாரம் தந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நடைமுறை யோசனை. பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை, புனித வாரக் கூட்டத்துக்குத் தள்ளாமல் நான்காம் வாரத்திலேயே செய்துவிடுங்கள். சாமியாருக்கும் அவசரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. நான்காம் ஞாயிறு குருக்கள் ஊதா உடைக்குப் பதில் ரோஜா நிற உடை அணியலாம் என்று வைத்திருப்பதும் பாதி வழி தாண்டியாயிற்று, மகிழுங்கள் என்பதற்காகத்தான். அந்த மகிழ்ச்சியோடு போய் மனம் திறப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

புனித வாரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, வழிபாடுகளே நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்ககாலத் திருச்சபையில் தவக்காலம், அந்த இரவில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்கள் தங்களைத் தயாரிக்கும் காலமாகவும் இருந்தது. சமாரியப் பெண், பார்வையற்றவர், லாசர் ஆகிய மூன்று நற்செய்திகளும் மூன்று ஆண்டுச் சுழற்சியின் முதலாம் ஆண்டு ஞாயிறுகளில் வருவது அவர்களுக்காகத்தான். கையில் எரியும் மெழுகுதிரியோடு நாமும் நம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். 'சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?' என்று குரு கேட்பார். 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லும்போது, அந்த 40 நாளில் எதை விட முடிந்தது, எதை முடியவில்லை என்பது நமக்குத் தெரிந்திருக்கும். முடியாததையும் சேர்த்துத்தான் நான் அந்தப் பதிலைச் சொல்கிறேன்.

நீங்கள் இதை எந்த வாரத்தில் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றைய நற்செய்தியை எடுத்து ஒரு முறை வாசியுங்கள். இன்றிரவு என் செபத்தில் உங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.