கேளுங்கள், சொல்கிறோம்: 18 கார்பன் வளையத்தின் வடிவம்

கேள்வி: 18 கார்பன் அணுக்கள் மட்டுமே சேர்ந்த வளையத்தின் வடிவத்தைக் கணினியில் கணக்கிட்டவர்கள், முறைக்கு ஒரு விடை சொன்னதாகப் படித்தேன். எல்லோரும் தீர்ப்பது ஒரே குவாண்டம் சமன்பாட்டைத்தானே, விடை மட்டும் எப்படி மாறும்?

பதில்: சமன்பாடு ஒன்றுதான். ஆனால் அந்த வளையத்திலுள்ள 108 எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்கியபடி இயங்குவதைத் துளியும் பிசகாமல் கணக்கிட இயலாது என்பதால் எல்லோரும் ஏதோவொரு தோராயத்தையே நாடுகிறார்கள். அந்தத் தோராயத்தின் சாய்வு விடையிலும் தெரிந்துவிடுகிறது.

இந்த வளையத்துக்கு இரண்டு வடிவங்கள் சாத்தியம்: பிணைப்புகள் எல்லாம் ஒரே நீளமுள்ள இரட்டைப் பிணைப்புகளாக இருக்கலாம், அல்லது ஒற்றைப் பிணைப்பும் முப்பிணைப்பும் மாறி மாறி வரலாம். வளையத்தின் தளத்திலும் அதற்குச் செங்குத்தாகவும் 18 பை எலக்ட்ரான்கள் (வளையம் முழுதும் பரவக்கூடிய பிணைப்பு எலக்ட்ரான்கள்) வீதம் இருப்பதால், ஹக்கல் விதிப்படி (4n+2 பை எலக்ட்ரான்கள் கொண்ட வளையம் கூடுதல் நிலைப்புப் பெறும் என்பது அது) பென்சீனைப் போலச் சமநீளப் பிணைப்புகளுக்கே சாதகம். ஆனால் வளையம் பெரிதாகப் பெரிதாக, நீண்ட கார்பன் சங்கிலியில் நிகழ்வதுபோல, பிணைப்புகள் நீண்டும் குறுகியும் மாறி அமைவதே ஆற்றலைக் குறைக்கும். 10 அணு வளையத்தில் முதல் போக்கு வெல்கிறது. 18 அணு வளையத்தில் இரு வடிவங்களுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு சிறியது என்பதால், முறையின் குறையே தீர்ப்பு எழுதிவிடும்.

ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி விளைவை மட்டும் உணர்வதாகக் கொள்ளும் ஹார்ட்ரீ-ஃபாக் முறை பிணைப்புகள் மாறி அமைவதை மிகைப்படுத்தும். எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டில் வேதியியலாளர்கள் பழக்கத்தால் எடுத்தாளும் பி3எல்ஒய்பி என்ற தோராயம், எலக்ட்ரான்களை அளவுக்கு மீறிப் பரவவிடுவதால், சமநீளம் என்றது. 2008இல் ஆய்வாளர்கள் அருள்மொழிராஜாவும் ஓனோவும், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதை நுட்பமாகக் கணக்கில் எடுக்கும் கப்பிள்டு கிளஸ்டர் முறையில் செய்த கணக்கீடு மாறி அமையும் வடிவத்தையே காட்டியது. 2019இல் ஐபிஎம் ஜூரிக் ஆய்வகமும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இணைந்து இந்த வழக்கை முடித்துவைத்தன: தாமிரத்தின் மேல் படிந்த உப்புப் படலத்தில், 5 கெல்வின் குளிரில், 24 கார்பனும் 6 ஆக்சிஜனும் கொண்ட மூலக்கூறிலிருந்து கார்பன் மோனாக்சைடைப் பிய்த்தெடுத்து வளையத்தை உண்டாக்கி, நுண்ணிய ஊசிமுனை உணரும் விசையைக் கொண்டு படமாக்கும் அணுவிசை நுண்ணோக்கியால் படம் பிடித்தார்கள். படத்தில் முப்பிணைப்புகள் இருக்கும் ஒன்பது இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பி3எல்ஒய்பி முடிவை மட்டும் நம்பி எழுதப்பட்ட வளையக் கட்டுரைகளை நான் ஐயத்துடனேயே படிப்பேன்.

கேள்வி: கணக்கில் நிலையானது என்று வந்தால், அதைப் புட்டியில் அடைத்து வைக்கலாமா?

பதில்: முடியாது. கணக்கீட்டுக் கட்டுரைகளில் "நிலையானது" என்றால், தனித்திருக்கும் மூலக்கூறின் அதிர்வெண்களில் கற்பனை எண் எதுவும் வரவில்லை, அதாவது அது ஆற்றல் பள்ளம் ஒன்றின் அடியில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். தகுந்த முறைகளில் பார்த்தால் சமநீள வடிவம் அந்தச் சோதனையிலேயே தோற்று, இரு பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடாக நிற்கிறது. மாறி அமையும் வடிவம் தேறிவிடும். ஆனால் பக்கத்தில் இன்னொரு வளையம் வந்தால் இரண்டின் முப்பிணைப்புகளும் சேர்ந்து புதிய பிணைப்புகளாகிவிடும் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.