ரஜூலா கப்பலில் வந்த தாத்தா

வணக்கம் ஐயா,

பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் முப்பத்தொரு பேரைப் பேட்டி எடுத்து எழுதினேன். 'இது தொகுப்பு, ஆய்வு இல்லை' என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். பெரியவர்கள் பொய்யா சொல்வார்கள்? ஆய்வு என்றால் என்னதான் ஐயா? மலாயில் எழுதுவதா தமிழிலா என்றும் குழப்பம்.

– ஒரு மாணவர், கெலுகோர்

அன்புள்ள தம்பி,

எந்த மொழியில் கேட்கிறார்களோ அதில் எழுதிக் கொடுங்கள். தமிழில் பிறகு புத்தகமாகப் போடலாம். வரையறைக்கு நான் எதற்கு, நூலகம் இருக்கிறது. 'பெரியவர்கள் பொய்யா சொல்வார்கள்' என்ற வரிதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

என் தாத்தா 1924-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தவர். "ரஜூலாவுலதான் வந்தேன்" என்பார். பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில், நோய்த்தடுப்பு முகாமில் இறக்கி மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்ததைச் சொல்லும்போது முழங்கையைத் தேய்த்துக் காட்டுவார். நானும் அப்படியே ஒரு கட்டுரையில் எழுதினேன். அது வந்த வாரம், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ரஜூலாவைக் கட்டினதே 1926-லதானே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தாத்தாவைப் பொய்யர் என்கிறாரே! கோபம் ஆற ஒரு மாதம் ஆனது. அதன் பிறகுதான் கேள்வியைக் கேள்வியாகப் பார்த்தேன். ஒன்று, ஆண்டு தப்பு. இல்லை, கப்பல் தப்பு. எதைப் பார்த்தால் தெரியும்?

அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின். அதில் மூத்த அத்தையின் பிறப்புச் சான்றிதழ்: 1925, தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி தாத்தாவோடு சேர்ந்து வந்தவள். ஆகவே ஆண்டு நிற்கிறது, கப்பல் நிற்கவில்லை. அடியில் நான்காக மடித்த ஒரு பயணச்சீட்டும் இருந்தது. ரஜூலா, 1953. தாயைப் பார்க்க ஊருக்குப் போன பயணம்.

முதல் தடவை அவரைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்தான். கூலிக்கு வந்தவனிடம் கப்பலின் பெயரை யார் சொல்லியிருப்பார்கள்? சொந்தக் காசில் சீட்டு வாங்கி ஏறிய கப்பலின் பெயரை, பெயரே தெரியாத அந்தக் கப்பலுக்கும் அவர் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி என் ஊகம். என் குறிப்பேட்டிலும் ஊகம் என்றுதான் இருக்கிறது. சான்றிதழும் சீட்டும் தனிப் பக்கத்தில்.

தாத்தா பொய் சொல்லவில்லை தம்பி. ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதியபோது, அவர் பட்டதில் பாதியை நான் தொலைத்திருந்தேன்.

முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள் என்று பெருமைப்படுகிறீர்களே, அங்கேயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அத்தனை பேரும் ஒரே தோட்டமா? ஒரே கோயில் திருவிழாவில் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்களா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரு சாட்சி, முப்பத்தொன்று இல்லை. அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? நீங்கள் நம்புவது தப்பென்று காட்டக்கூடிய ஒரு கேள்வியையாவது அவர்களிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் சோம்பலுக்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் மேல் வருத்தப்படாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அந்த முப்பத்தொரு பேரையும் மறுபடி போய்ப் பாருங்கள். வயதானவர்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தடவை ஒலிப்பதிவுக் கருவியை எடுப்பதற்கு முன்னால், வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.