ஆர்.ஓ. மெஷினும் அழியாத ரசாயனங்களும்: உங்கள் கேள்விகள்

ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் 40 காட்டுகிறது. எளிதில் சிதையாததால் 'அழியாத ரசாயனங்கள்' எனப்படும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்களும் போயிருக்கும்தானே?

மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் அதை உங்கள் மீட்டர் சொல்லவில்லை. அது பார்ப்பது உப்பை. இந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் குடிநீரில் அமெரிக்கா 2024இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். மீட்டரில் ஒரே ஒரு எண் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) நகர வேண்டுமானால், அதைப்போல இரண்டரை லட்சம் மடங்கு கரைந்திருக்க வேண்டும்! பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். 40 காட்டியது திடீரென 150க்குப் போனால் மெம்பிரேன் கெட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம். மீட்டரால் அவ்வளவுதான் பயன்.

கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது. கிருமிதான் சாகும். ஆவி போகப்போக மிச்சத் தண்ணீரில் ரசாயனம் கொஞ்சம் அடர்த்தியாகும், அவ்வளவே.

தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றேன். சர்வீஸுக்கு வந்தவர் ஒரு ஸ்க்ரூவைத் திருகினார், ருசி வந்துவிட்டது. இது சரியா?

இந்த முறை வந்ததிலேயே நல்ல கேள்வி. அவர் திருகியது டி.டி.எஸ். கன்ட்ரோலராக இருக்கும். பல மெஷின்களில் அது மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரோடு கலக்கும் வால்வு. போர் தண்ணீர் 800, ஆர்.ஓ. தண்ணீர் 40 என்று வையுங்கள். கலந்து 150 ஆக்கினால், டம்ளரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெம்பிரேனையே பார்க்காத தண்ணீர். காசு கொடுத்து மெம்பிரேன் வாங்கி, அதற்குப் பக்கத்திலேயே சந்து வெட்டிய கதை. வால்வை முழுக்க மூடச் சொல்லுங்கள். ருசி வேண்டுமென்றால், மெம்பிரேனுக்குப் பின்னால் மினரல் கார்ட்ரிட்ஜ் போடலாம்.

ஆர்.ஓ. எல்லா ரசாயனத்தையும் பிடிக்குமா?

இல்லை. பி.எஃப்.ஓ.ஏ. பெரிய மூலக்கூறு, எதிர்மின்னூட்டமும் உண்டு, அதனால் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் கிருமிநீக்கம் செய்யும்போது உண்டாகக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற ரசாயனம் குட்டி, மின்னூட்டமும் கிடையாது, கணிசமாக நழுவிவிடும். கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் சாக்கடை நீரைச் சுத்திகரித்து நிலத்தடியில் சேர்க்கிறார்கள். 2008 முதல் நடக்கும் அந்த ஆலையில் ஆர்.ஓ.வுக்குப் பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து யு.வி. ஒளியும் காட்டுவது இதற்காகத்தான்.

வெளியேறும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடலாமா?

ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, ஒதுக்கித்தான் தள்ளுகிறது. ஒதுக்கியதெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. வீடு துடைக்க, கழிவறைக்கு விடுங்கள். கீரைக்கு வேண்டாம், இலை இந்த ரசாயனத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு வேறு.

எங்கள் குழாய்த் தண்ணீரே டி.டி.எஸ். 180தான். ஆர்.ஓ. அவசியமா?

உப்புக்காக என்றால் அவசியமில்லை. 500க்குக் கீழே ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. பி.எஃப்.ஏ.எஸ். பயம் மட்டும்தான் என்றால் நல்ல கார்பன் ஃபில்டரே பெரிதும் கைகொடுக்கும். ஆனால் மூலக்கூறின் சங்கிலி குட்டையான பி.எஃப்.ஏ.எஸ். வகைகள் கார்பனைத் தாண்டிச் சீக்கிரமே வர ஆரம்பித்துவிடும், ருசியில் ஒன்றும் தெரியாது. கார்ட்ரிட்ஜ் மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள்.